வலிக்க வேண்டிய புண்

அந்தக் கோடை விடுமுறையில் நானும் என் நாத்தனாரும் ஜெயங்கொண்டத்து வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து ஆட்டெலும்பு தேய்த்துக்கொண்டிருந்தோம். அக்கம்பக்கத்தில் யாராவது எட்டிப் பார்த்துக் கேட்டால், "காலேஜ் வேலைங்க" என்று முடித்துவிடுவேன். பொய் இல்லை. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லித்தருகிறேன். கூடவே ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் சேர்ந்திருந்தேன்.

என் ஆராய்ச்சி, புதிய கற்காலத்தில் ஆடுமாடு மேய்த்து வாழ்ந்தவர்கள் எலும்பில் செய்துகொண்ட கருவிகளைப் பற்றியது. இரும்பு வருவதற்கு முந்திய மனிதர்கள். தோலில் ஓட்டை போட, பாய் பின்ன, பச்சைப் பானையை வழித்து வழவழப்பாக்க, எல்லாவற்றுக்கும் எலும்பையே நம்பியிருந்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த எலும்புக் குத்தூசியை உருப்பெருக்கியில் பார்த்தால் முனையில் மெல்லிய கீறல்கள் தெரியும். தோலைக் குத்திக் குத்தி வந்த கீறலா, கோரையைப் பின்னி வந்ததா என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. நாமே அப்படி ஒரு குத்தூசி செய்து, அதே வேலையைச் செய்து தேய்த்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கறிக்கடை எலும்பு அதற்கு உதவவில்லை. கடைக்காரர் ஆட்டுக்காலை நெருப்பில் வாட்டி மயிரைப் பொசுக்கி, சூப்புக்கென்று துண்டு போட்டுவிடுவார். சூடு பட்ட எலும்பு பிளக்கும்போது நொறுங்கிப்போகும். எனக்கு நெருப்புப் படாத முழு எலும்பு வேண்டும். அதனால் வரதராஜன்பேட்டைப் பக்கம் கிடை போட்டிருந்த ஒரு கணவன் மனைவியிடம் சொல்லிவைத்தேன். அறுவடை முடிந்த கொல்லைகளில் இரவில் ஆடுகளை அடைத்து, நிலத்துக்கு எருவாக்கித் தருகிறவர்கள். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

"எலும்புக்கா இம்மாந்தூரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தீங்க?" என்று அவர் சிரித்தார். ஆனால் மறக்கவில்லை. கோடைமழை ஒன்று பெய்து ஓய்ந்த வாரத்தில் போன் வந்தது.

"டீச்சரம்மா, ஒரு ஆடு வயிறு ஊதிச் செத்துப்போச்சு. மழைக்கு மொளச்ச புல்ல மேஞ்சிச்சு, அதான் போல. எங்க வூட்டுக்காரரு தோல உரிச்சி கால எடுத்து வச்சிருக்காரு. செத்த ஆடு. பரவால்லீங்களா?"

"பரவாயில்லக்கா, இப்பவே வரேன்" என்றேன்.

நாலு காலும் ஒரு துண்டுத் தோலும் உரச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஒரே சந்தோஷம்.

ஆட்டின் காலெலும்பில் ஓர் அழகு உண்டு. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பள்ளம் ஓடும். இரண்டு எலும்பாக இருக்க வேண்டியது ஒன்றாக ஒட்டிப்போன தடம் அது. கூரான கல்சில்லால் அந்தப் பள்ளத்தைத் திரும்பத் திரும்பக் கீறி ஆழமாக்கி, கட்டை ஒன்றை வைத்துத் தட்டினால் சரிபாதியாகப் பிளக்கும். ஒவ்வொரு பாதியின் அடியிலும் ஒரு குமிழ் மூட்டு அப்படியே நிற்கும். அதுவே கைப்பிடி. மறுமுனையை மணற்கல்லில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கினால் குத்தூசி. எத்தனையோ ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் ஒருவர் இந்தக் குமிழைக் கட்டைவிரலால் அழுத்தியிருப்பார். அதே இடத்தில் என் கட்டைவிரலும் பதியும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

என் நாத்தனாருக்கு அப்போது ஏழாம் மாதம். அவள் அம்மா உயிரோடு இல்லாததால் தலைப்பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, வந்திருந்தாள். கால் வீங்கிக்கொண்டதால் வெளியே போக முடியவில்லை. சீரியல் பார்த்து அலுத்துப்போய் என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் கையை நீட்டினாள்.

"குடுங்க அண்ணி, நானும் தேய்க்கிறேன். சும்மா குந்தியிருந்தா தூக்கம் தூக்கமா வருது."

அவள் என்னைவிட நன்றாகத் தேய்த்தாள். அவசரமே கிடையாது. தேய்த்துக்கொண்டே பேசுவாள்.

"இத்த வச்சித்தான் துணி தச்சாங்களா?"

"துணி இல்லம்மா, தோலு. இதால ஓட்டை போட்டு, நரம்ப உள்ள வுட்டு இழுப்பாங்க."

"புள்ளைய சுத்தி வைக்கவும் தோலுதானா?"

"வேற என்ன இருந்துச்சு?"

அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "குத்தும்ல, பாவம்."

சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கும் என் கணவர் ரெட்டிபாளையத்திலிருந்து ஷிப்ட் முடிந்து வந்ததும் எங்கள் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். காய்ந்த எலும்பைத் தேய்க்கும்போது வெள்ளைத் தூசி பறக்கும். "எங்க ஆலையில மாஸ்க் போடலன்னா கேட்டுக்குள்ளயே வுட மாட்டாங்க. ரெண்டு பேரும் அரைச்ச எலும்ப மூக்குல இழுத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க" என்பார். நாங்கள் சிரிப்போம்.

அவள் தேய்த்த குத்தூசிகளில் ஒன்று சற்று நீளமாக, தந்தம்போல் வந்திருந்தது. அதை அவள் கொடுக்கவில்லை. கொண்டை போட்டு அதில் செருகிக்கொண்டாள். "இது எனக்கு அண்ணி" என்று கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது.

நான் தோலைக் குத்திப் பழகியபோது ஒரு தடவை கை நழுவியது. முனை என் இடது முன்கையில் இறங்கிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம். மஞ்சளை அப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். சில நாள் கழித்து அந்த இடத்தில் கொசு கடித்ததுபோல் ஒரு தடிப்பு. அரித்தது. அதன் மேல் சின்ன நீர்க்கொப்புளம் வைத்தது. வேர்க்குரு என்று நினைத்தேன்.

அந்த அக்காவின் போன் ஒரு மதியம் வந்தது. குரலே வேறாக இருந்தது.

"டீச்சரம்மா, அந்த எலும்ப தொட்டீங்களா?"

"தொட்டாச்சேக்கா. ஏன்?"

"அய்யோ. இன்னும் அஞ்சாறு ஆடு செத்துப்போச்சும்மா. மூக்குல ரத்தம் வந்து சாவுது. மாட்டு டாக்டரு வந்து பாத்துட்டு, அடைப்பானா இருக்கும், ஒண்ணையும் அறுக்காத, தொடாதன்னுட்டாரு. எங்க வூட்டுக்காரருக்கு கையில கொப்புளம் வந்து கருப்பா போச்சு. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். அரியலூர்ல. எலும்ப தூக்கிப் போட்ருங்க. வேணாம், தூக்கியும் போடாதீங்க. தொடாதீங்கம்மா."

போனை வைத்த பிறகு நான் என் முன்கையைத் திருப்பிப் பார்த்தேன். கொப்புளத்தின் நடுவில் ஒரு பழுப்பு நிறம் வந்திருந்தது. சுற்றிலும் தோல் லேசாக உப்பியிருந்தது.

அடைப்பான் என்ற சொல் எனக்குப் புதிதில்லை. ஆங்கிலத்தில் ஆந்த்ராக்ஸ். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வரும், மனிதருக்கும் தொற்றும், அந்தக் கிருமி மண்ணிலும் எலும்பிலும் தோலிலும் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்று படித்திருந்தேன். போனில் தேடினேன். படங்களைப் பார்க்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஒரு வரிதான் எனக்குள் இறங்கியது. இந்தப் புண் வலிக்காது என்று போட்டிருந்தது.

கொப்புளத்தின் ஓரத்தை விரலால் அழுத்தினேன். வலிக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். நகத்தால் அழுத்தினேன். வலித்துவிடு, வலித்துவிடு என்று வாய்விட்டே சொன்னேன். வாழ்க்கையில் ஒரு வலிக்காக அப்படி ஏங்கியதில்லை.

அப்புறம்தான் நாத்தனாரின் நினைவு வந்தது. எழுந்து உள் அறைக்கு ஓடினேன். மின்விசிறிக்குக் கீழே ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல். கொண்டையில் அந்த எலும்பு, முனை கழுத்தைப் பார்த்தபடி. அவள் மூச்சு விடும்போது மெல்ல அசைந்தது.

என் கால்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டன. எழுப்பினால் திடுக்கிட்டுத் திரும்புவாள், குத்திவிடும். எழுப்பாமல் உருவினால் என் கையில் புண் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, குமிழைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினேன். கொண்டை அவிழ்ந்து தலையணையில் விழுந்தது. அவள் கண் விழித்தாள்.

"என்ன அண்ணி? ஏன் அழுவுறீங்க?"

நான் அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்து, புடவையை விலக்கி, தன் கைகள், கழுத்து, வயிறு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். பிறகு, "புள்ளைக்கு வருமா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை.

கணவருக்குப் போன் செய்தேன். பாதி ஷிப்டில் கிளம்பி வந்தார். பின்கட்டுக்குப் போனவர் நடுவிலேயே நின்றுவிட்டார். மணற்கல், தோல் ஊறும் வாளி, பாதி பிளந்த எலும்புகள், தரையெங்கும் காய்ந்த வெள்ளைத் தூசி. "எங்க கால வைக்கிறது?" என்று கேட்டார். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தேய்த்த தண்ணீரை எங்கே ஊற்றினாய் என்று கேட்டார். கறிவேப்பிலைச் செடிக்கு. அந்தச் செடியிலிருந்து அன்று காலை ரசத்துக்குக் கிள்ளியிருந்தேன். மூன்று பேரும் சாப்பிட்டிருந்தோம்.

அரியலூருக்குக் கார் பிடித்துப் போனோம். நாத்தனார் ஜன்னல் பக்கம் சாய்ந்து, என்னைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். நானும் அவளைத் தொடாமல் கதவோடு ஒட்டிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரலாம்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் இளம் வயது டாக்டரம்மா. கையுறை போட்டுக்கொண்டு என் கையை வெளிச்சத்தில் பிடித்தார்.

"வலி இருக்கா?"

"இருக்கு டாக்டர். லேசா."

அவர் புண்ணைச் சுற்றி மெல்ல அழுத்தினார். "இப்ப?"

"லேசா."

அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "நெஜமா சொல்லுங்க. நீங்க சொல்றத வச்சித்தான் நான் மருந்து குடுக்கணும்."

"இல்ல டாக்டர்" என்றேன். "வலிக்கவே இல்ல."

அவர் தலையசைத்தார். "பயப்படாதீங்க. தோல்ல வர்றது மருந்துக்குக் கேக்கும். சீக்கிரம் வந்துட்டீங்க." புண்ணில் பஞ்சுக்குச்சியை உருட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். என்னை வார்டில் சேர்த்து, உடனே ஊசி மருந்தும் ஆரம்பித்தார்கள். என்னிடமிருந்து அடுத்தவருக்கு ஒட்டாது, ஆனால் அந்த எலும்பையும் தூசியையும் தொட்ட எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும் என்றார். நாத்தனாரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் வார்த்தைகளை அளந்தார். பிரசவம் பார்க்கும் டாக்டரையும் கலந்துகொண்டு, கர்ப்பிணிக்கு ஆகும் மாத்திரையாக எழுதிக் கொடுத்தார். தூசி மூச்சில் போயிருந்தால் அது உடனே தெரியாது, இரண்டு மாதம் வரைக்கும்கூட ஆகலாம், மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது, காய்ச்சலோ நெஞ்சடைப்போ வந்தால் அந்த நிமிஷமே வர வேண்டும் என்றார்.

இரண்டு மாதம். அவளுக்குப் பிரசவமாகும் காலம் அதற்குள் வந்துவிடும்.

மறுநாள் அப்பா வந்தார். என் அப்பா இருப்பது அரியலூரை அடுத்த ஒரு கிராமத்தில். அவர் இளவட்டமாக இருந்த நாளில், ஊரில் மாடு செத்தால் தூக்கிப் போக எங்கள் தெருவுக்குத்தான் ஆள் வரும். மறுக்க முடியாது. அவருடைய சித்தப்பா அப்படி ஒரு மாட்டை உரித்துவிட்டு, கையில் கருப்புக் கொப்புளம் வந்து, ஆஸ்பத்திரி பார்க்காமலே செத்துப்போனவர். அப்பா ஒருநாள் இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, லாரியில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் கூலிக்குப் போனார். அதில்தான் என்னைப் படிக்க வைத்தார்.

வார்டுக்குள் வந்தவர் உட்காரவில்லை. என் கைக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"செத்தத தொடக்கூடாதுன்னுதான உன்னப் படிக்க வச்சேன்" என்றார் கடைசியில்.

திட்டவில்லை. அந்தக் குரலில் கோபத்தைத் தேடினேன், கிடைத்தால் தேவலை என்றிருந்தது. நடுக்கம்தான் இருந்தது. "டாக்டரு சரியாயிடும்னு சொல்லிட்டாங்கப்பா" என்றேன். "சித்தப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னோம்" என்றார். பிறகு கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலாக என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகும்வரை எடுக்கவில்லை.

புண் கருத்தது. மருந்து ஏறிய பிறகும் அது தன் பாட்டுக்குக் கருத்தது. நடுவில் கரித்துண்டு பதித்த மாதிரி. கை முழங்கை வரைக்கும் வீங்கியது. அப்படித்தான் ஆகும், கிருமி செத்த பிறகும் புண் தன் போக்கில் போய்த்தான் ஆறும் என்று டாக்டரம்மா தினமும் பொறுமையாகச் சொன்னார். நான் தினமும் நம்பாமல் கேட்டேன். பரிசோதனை முடிவு வந்தது. அடைப்பான்தான். செத்த ஆடுகளுக்கும் அதுவேதான். அந்த அக்காவின் கணவர் ஆண்கள் வார்டில் இருக்கிறார், தேறிக்கொண்டு வருகிறார் என்று கேள்விப்பட்டேன்.

நான் வீடு திரும்பியதற்கு அடுத்த நாள், கால்நடைத்துறையிலிருந்தும் சுகாதாரத்துறையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முழுக்கை கையுறை, முகமூடி. பின்கட்டில் இருந்த எல்லாவற்றையும் தடித்த பைகளில் போட்டுக் கட்டினார்கள். மணற்கல்லையும் விடவில்லை. தரையெங்கும் மருந்து தெளித்தார்கள். கறிவேப்பிலைச் செடியை வேரோடு பிடுங்கினார்கள். ஊருக்கு வெளியே குழி வெட்டி அதற்குள் எரித்தார்கள். நான் தள்ளி நின்று பார்த்தேன். டீசலில் நனைந்த என் குத்தூசிகள் எல்லாம் பட்பட்டென்று வெடித்தன.

நான் படிக்கும் அந்தக் கற்கால மேய்ப்பர்கள் மாட்டுச் சாணத்தை மேடு மேடாகக் குவித்து எரித்திருக்கிறார்கள். கர்நாடகப் பக்கம் அந்தச் சாம்பல் மேடுகள் இன்றும் நிற்கின்றன. எதற்காக எரித்தார்கள் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு விளக்கம். சடங்கு என்பார்கள், கொண்டாட்டம் என்பார்கள், நோய் என்பவர்களும் உண்டு. அதையெல்லாம் வகுப்பில் வரிசையாக ஒப்பிப்பேன். அன்றைக்குத்தான், மந்தை முழுக்கச் சாய்ந்து கிடக்க, கையில் ஒரு வலிக்காத கொப்புளத்தோடு ஒரு பெண் அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம் என்று தோன்றியது. அவளுக்கு மருந்து இல்லை. தன் கையில் இருப்பது என்ன என்று சொல்லவும் ஆள் இல்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் கொடுமை. என் கை ஆறிக்கொண்டு வந்தது. பயம் முழுக்க நாத்தனார் மேல் போய் உட்கார்ந்தது. அவள் இருமினால் என் கைவேலை நின்றுவிடும். தும்மினால் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போவேன். காய்ச்சல் இருக்காது. மறுபடியும் பார்ப்பேன். மாத்திரை சாப்பிட்டு அவளுக்கு வயிற்றைப் பிரட்டும், வாந்தி எடுப்பாள். மாத்திரையும் வெளியே வந்துவிட்டதா என்று நான் குனிந்து பார்ப்பேன். ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க பாக்குற பார்வையிலேயே எனக்கு ஏதாச்சும் வந்துடும் அண்ணி. கொஞ்சம் அந்தாண்ட போங்க."

போனேன். அடுப்படியில் நின்று, அவள் மறுபடி இருமுகிறாளா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் அவளே எழுந்து வந்து, "கோச்சுக்காதீங்க. எனக்கும் அதே நெனப்பாவே இருக்கு. ரெண்டு பேரும் பயந்தா எப்படி?" என்றாள். இருவரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதோம். அவள் என் தோளில் சாய்ந்தாள். அந்தக் கார் பயணத்துக்குப் பிறகு அன்றுதான் என்னைத் தொட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு அரியலூரிலேயே சுகப்பிரசவமானது. பெண் குழந்தை. நர்ஸம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தபோது, நான் துணியைப் பிரித்துக் கை, கால், முதுகு, அக்குள் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மடியில் வைத்துக்கொண்டேன். நர்ஸம்மா, "எல்லாம் சரியாத்தாங்க இருக்கு" என்று சிரித்தார்.

என் ஆராய்ச்சியைத் திரும்ப ஆரம்பிக்கப் பல மாதம் ஆனது. இப்போது, கால்நடை டாக்டர் பார்த்து முத்திரை குத்திய நல்ல ஆட்டின் எலும்பை, நெருப்பில் வாட்ட வேண்டாம் என்று கறிக்கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வாங்குகிறேன். கல்லூரிக் கூடத்தில், முகமூடியும் கையுறையும் போட்டுத் தேய்க்கிறேன். கையுறைக்குள் அந்தக் குமிழின் வழவழப்பு தெரிவதில்லை. தூசியின் வாடை எப்படியாவது உள்ளே வந்துவிடும். எழுந்து வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வருவேன்.

அடுத்த கோடையில் அந்த அக்காவும் அவர் கணவரும் அதே பக்கம், முந்திரிக் காட்டை ஒட்டிய ஒரு கொல்லையில் கிடை போட்டிருப்பதாகத் தெரிந்து பார்க்கப் போனேன். மந்தை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மிச்சமிருந்தவற்றுக்கும் புதிதாக வாங்கியவற்றுக்கும் தடுப்பூசி போட்டுவிட்டதாக அக்கா சொன்னார். அவர் கணவர் சட்டையை மடித்துத் தன் தழும்பைக் காட்டினார். நானும் காட்டினேன்.

"உங்க மொகத்துல முழிக்கவே என்னால முடியல டீச்சரம்மா, வெக்கமா இருந்துச்சு" என்றார் அந்த அக்கா. "நாங்க குடுத்துதான உங்களுக்கு வந்துச்சு."

"நான் கேட்டுதான நீங்க குடுத்தீங்க. நீங்க அன்னைக்கு போன் பண்ணலன்னா நான் வேர்க்குருன்னே இருந்திருப்பேன்."

அக்கா மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டினார். ஓர் ஆட்டை இழுத்து நிறுத்தி, சின்னக் குண்டானில் பால் கறந்து, டீத்தூளைப் போட்டு அடுப்பில் வைத்தார். நன்றாகக் கொதித்துப் பொங்கி வந்தது. இறக்கி ஒரு டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினார். என் கை சட்டென்று நீளவில்லை. அவர் அதைக் கவனித்தார். "நல்லா கொதிக்க வச்சிட்டேம்மா" என்றார் மெதுவாக.

வாங்கி, ஆறும்வரை இரு கையாலும் பிடித்திருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தேன்.